கைக்குப் புலப்படாத மார்பக மாற்றங்களை அறுவைக்கு முன் படக்கருவிகளால் அடையாளமிடுதல்: முழுமையான வழிகாட்டி

மார்பக எக்ஸ்ரேயான மேமோகிராமில் தெரிகிறது, கையால் தடவிப் பார்த்தால் ஒன்றும் தட்டுப்படவில்லை. இப்படிப்பட்ட மாற்றத்தை அறுத்து எடுக்க வேண்டிய அறுவை மருத்துவருக்கு, அது மார்பகத்துக்குள் எந்த இடத்தில், எந்த ஆழத்தில் இருக்கிறது என்பதை முன்கூட்டியே யாரேனும் குறித்துத் தர வேண்டும். அப்படிக் குறித்துத் தரும் பணியைத்தான் அறுவைக்கு முந்தைய அடையாளமிடல் என்கிறோம். பெரும்பாலும் எக்ஸ்ரே, அல்ட்ராசவுண்ட் போன்ற படங்களைப் பார்த்து நோயறியும் கதிரியக்க மருத்துவரே இதைச் செய்கிறார். கதிரியக்கத் துறையில் புதிதாகப் பணி தொடங்குபவர்களையும், தமக்கோ தம் வீட்டாருக்கோ இது செய்யப்படவிருப்பதால் என்ன நடக்கும் என்று தெரிந்துகொள்ள விரும்புபவர்களையும் மனத்தில் வைத்து இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது.

ஊசி போடும் திறமையைப் பற்றியே பலரும் பேசுகிறார்கள். உண்மையில் இதில் நேரும் பிழை பல நேரங்களில் ஊசியைக் கையில் எடுப்பதற்கு முன்பே, அதாவது படங்களை ஒப்பிட்டுப் படிக்கும் கட்டத்திலேயே தொடங்கிவிடுகிறது. எனவே அந்தக் கட்டத்துக்கு இங்கே கூடுதல் இடம் தரப்பட்டிருக்கிறது.

எந்த மாற்றங்களுக்கு இது தேவை

கையால் உணர முடியாத சிறு கட்டிகள், அரை மில்லிமீட்டருக்கும் குறைவான கால்சியத் துகள்கள் ஓரிடத்தில் கூடியிருப்பது, கட்டி எதுவும் தெரியாமலே திசுக்களின் அமைப்பு ஒரு புள்ளியை நோக்கி இழுபட்டிருப்பது, எம்.ஆர்.ஐ.யில் மட்டும், அப்போது ஏற்றும் கடோலினிய மருந்தை உறிஞ்சி ஒளிரும் பகுதிகள் ஆகியவை முதன்மையானவை. பால்குழாய்க்குள்ளேயே அடங்கிய தொடக்கநிலைப் புற்றுநோய் பல நேரங்களில் கால்சியத் துகள்களாக மட்டுமே வெளிப்படுகிறது என்பதால், துகள்களின் இடத்தைத் துல்லியமாகக் குறிப்பது மிக முக்கியமாகிறது. அறுவைக்கு முன் மருந்துச் சிகிச்சை பெற்றுக் கட்டி கரைந்துபோனவர்களுக்கும் இதே தேவை எழுகிறது. கையில் நன்றாகத் தட்டுப்பட்ட கட்டி, சில சுற்று மருந்துக்குப் பிறகு தேடினாலும் கிடைக்காமல் போகலாம். அதனால்தான் மருந்து தொடங்குவதற்கு முன்பே கட்டிக்குள் ஒரு சிறு உலோகக் கிளிப்பை வைத்துவிடுகிறார்கள். நம் ஊரில் சற்றுப் பெரிய கட்டியோடு வரும் பெண்கள் பலர் என்பதால், இந்தக் கிளிப்பை வைக்க மறந்துவிடக் கூடாது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அடையாளமிடலுக்கு முன்பே ஊசிப் பயாப்ஸி, அதாவது ஊசியால் சிறிது திசுவை எடுத்துச் சோதிப்பது, முடிந்திருப்பது விரும்பத்தக்கது. என்ன நோய் என்று தெரிந்துகொண்டு அறுவைக்குப் போகும்போது, எவ்வளவு திசுவை எடுப்பது, அக்குளில் உள்ள நிணநீர்க் கணுக்களையும் சோதிப்பதா என்பதை ஒரே அறுவையில் முடிவு செய்யலாம். பயாப்ஸி முடிவும் படத்தில் தெரிந்ததும் ஒன்றோடொன்று பொருந்தாதபோதோ, ஊசி எட்டாத இடத்தில் மாற்றம் இருக்கும்போதோ மட்டுமே நோயறிவதற்காக நேரடியாக அறுவை செய்யப்படுகிறது.

முதல் படி: படங்களை ஒப்பிட்டு இடத்தை உறுதிசெய்தல்

வழக்கமான மேமோகிராமில் மேலிருந்து கீழாக எடுக்கும் படமும் சாய்வாக எடுக்கும் படமும் இருக்கும். இவை இரண்டும் ஒன்றுக்கொன்று செங்குத்தான கோணத்தில் எடுக்கப்பட்டவை அல்ல. ஆகவே இவற்றை மட்டும் வைத்து மாற்றத்தின் உயரத்தைக் கணிப்பது ஏமாற்றத்தில் முடியும். அடையாளமிடுவதற்கு முன் நேர்ப் பக்கவாட்டுப் படம் ஒன்று கட்டாயம் வேண்டும். சாய்வுப் படத்திலிருந்து நேர்ப் பக்கவாட்டுப் படத்துக்கு வரும்போது, மார்பகத்தின் உட்பகுதியில் இருக்கும் மாற்றம் மேல்நோக்கியும் வெளிப்பகுதியில் இருக்கும் மாற்றம் கீழ்நோக்கியும் நகர்ந்ததாகத் தெரியும். சாய்வுப் படத்தில் முலைக்காம்பின் மட்டத்துக்கு மேலே தெரிந்த வெளிப்புற மாற்றம், உண்மையில் அந்த மட்டத்துக்குக் கீழே இருக்கக்கூடும் என்பது இதன் பொருள்.

இதே பக்கவாட்டுப் படம் வேறொரு வகையிலும் பயன்படுகிறது. சிறு நீர்ப்பைகளுக்குள் மிதக்கும் கால்சியம், பக்கவாட்டில் எடுக்கும்போது அடியில் படிந்து கிண்ணத்தின் வடிவில் தெரியும். இது தீங்கற்றது, இதற்கு அறுவையே தேவையில்லை. தோலில் உள்ள கால்சியத் துகள்களும் மார்பகத்துக்குள் இருப்பதுபோல் தோற்றம் தரும். துகள்கள் தோலுக்கு அருகில் இருப்பதாக ஐயம் எழுந்தால், தோலைத் தொட்டுச் செல்லும் கோணத்தில் ஒரு படம் எடுத்து உறுதிசெய்துகொள்ள வேண்டும். தோலில் இருப்பதைத் தேடி மார்பகத்துக்குள் அடையாளக் கம்பி வைப்பது யாருக்கும் நன்மை தராது.

பயாப்ஸியின்போது வைத்த கிளிப் நம் இலக்கா என்பதையும் இப்போதே பார்த்துவிட வேண்டும். மேமோகிராம் கருவியில் அழுத்திவைத்துப் பயாப்ஸி எடுத்த பிறகு அழுத்தத்தை விடும்போது, ஆர்மோனியத்தின் துருத்தி விரிவதுபோல மார்பகம் விரிகிறது. அந்த விரிவில் கிளிப், அழுத்திய திசையிலேயே நகர்ந்துவிடுவது உண்டு. அழுத்திய திசையில் எடுத்த படத்தில் எல்லாம் சரியாக இருப்பதாகத் தெரியும்; செங்குத்தான படத்தில்தான் கிளிப் இரண்டு செ.மீ. தள்ளி இருப்பது புலப்படும். அப்படி நகர்ந்திருந்தால் மீதமிருக்கும் துகள்களையோ, பயாப்ஸி எடுத்த இடத்தின் தழும்பையோ இலக்காகக் கொள்ள வேண்டும். கிளிப்பிலிருந்து அது எந்தத் திசையில், எத்தனை மி.மீ. தொலைவில் உள்ளது என்பதை எழுத்தில் பதிய வேண்டும். துகள்கள் ஒரு பெரிய பரப்பில் சிதறியிருந்தால், அந்தப் பரப்பின் இரு எல்லைகளிலும் தனித்தனி அடையாளம் வைப்பது நல்லது. நடுவில் ஒன்றை மட்டும் வைத்தால் ஓரங்கள் விடுபட்டுப்போகும்.

இரண்டாம் படி: எந்தப் படக்கருவியின் துணையோடு செய்வது

மாற்றம் அல்ட்ராசவுண்டில் தெரியுமானால் அதையே தேர்ந்தெடுக்க வேண்டும். அதில் கதிர்வீச்சு இல்லை, மார்பகத்தை அழுத்த வேண்டியதில்லை, ஊசி போவதைக் கண்ணெதிரே பார்க்கலாம். எல்லாவற்றையும் விட, நோயாளி மல்லாந்து படுத்திருக்கிறார். அறுவை மேசையிலும் அவர் அப்படித்தான் படுக்கப்போகிறார். மேமோகிராமிலோ அவர் நிமிர்ந்து அமர்ந்திருக்க, மார்பகம் முன்னால் இழுக்கப்பட்டு அழுத்தப்படுகிறது. எம்.ஆர்.ஐ.யில் குப்புறப் படுத்திருக்கிறார். ஒரே மாற்றம் இந்த மூன்று நிலைகளிலும் தோலிலிருந்து மூன்று வெவ்வேறு ஆழங்களில் இருக்கும். படத்தில் அளந்த ஆழத்தை அப்படியே அறுவை மேசைக்குக் கொண்டுபோக முடியாது என்பதை நோயாளியின் வீட்டாரும் அறிந்திருப்பது நல்லது.

கால்சியத் துகள்கள் பெரும்பாலும் அல்ட்ராசவுண்டில் தெரிவதில்லை; அவற்றுக்கு மேமோகிராமே வழி. எம்.ஆர்.ஐ.யில் மட்டும் தெரிந்ததற்கு, முதலில் அந்த இடத்தைக் குறிவைத்து மறுபடியும் அல்ட்ராசவுண்டில் தேடிப் பார்க்க வேண்டும். கிடைத்தால் வேலை எளிதாகும். ஆனால் அல்ட்ராசவுண்டில் கண்டதும் எம்.ஆர்.ஐ.யில் கண்டதும் ஒன்றேதானா என்பதை ஒரு கிளிப் வைத்துச் சரிபார்க்காமல் முடிவு செய்யலாகாது.

மூன்றாம் படி: எந்த அடையாளத்தை வைப்பது

நுனியில் கொக்கியுள்ள மெல்லிய கம்பியை ஊசியோடு செலுத்தி வைக்கும் கொக்கிக் கம்பியே பழைய முறை. இன்றும் பரவலாக வழங்குவதும் அதுவே. பாஸ்டன் நகரில் ஹோவர்ட் ஃபிராங்க்கும் அவருடைய சகாக்களும் 1976இல் கொக்கி நுனிக் கம்பியைப் பற்றி எழுதினார்கள். அதில் கொக்கி ஊசியின் நுனிக்கு வெளியே துருத்திக்கொண்டிருந்ததால், ஒருமுறை உள்ளே போனபின் இடத்தைத் திருத்த முடியாது. அதே நகரைச் சேர்ந்த டேனியல் கோபன்ஸ் 1980இல் வெளியிட்ட மாற்றத்தில், ஊசியைத் தனியே செலுத்தி இடத்தைச் சரிபார்த்த பிறகு கம்பியை அதன் வழியே அனுப்பலாம். கம்பி மலிவானது, தனியாக ஒரு கருவியை வாங்க வேண்டியதில்லை. ஆனால் கம்பியின் ஒரு முனை தோலுக்கு வெளியே நிற்பதால் அறுவை அன்றே வைக்க வேண்டும். நகரும், இழுபடும், நோயாளிக்கு உறுத்தலாகவும் இருக்கும்.

கதிரியக்க மருந்து முறை 1990களில் மிலான் நகரின் ஐரோப்பியப் புற்றுநோய் நிறுவனத்தில் உருவானது. டெக்னீசியம்-99எம் ஏற்றிய ஆல்புமின் துகள்களை மாற்றத்துக்குள் செலுத்தி, அறுவையின்போது காமாக் கதிர்களை உணரும் கைக்கருவியால் தேடுகிறார்கள். டெக்னீசியத்தின் அரையாயுள் 6 மணி நேரம் என்பதால் இதையும் அறுவைக்குச் சற்று முன்னதாகவே வைக்க வேண்டியிருக்கிறது. அயோடின்-125 அடங்கிய, நெல்மணியை விடவும் சிறிய டைட்டானிய விதையின் அரையாயுள் சுமார் 60 நாள்; எனவே அதைப் பல நாள் முன்னதாகவே வைத்துவிடலாம். அயோடினின் கதிராற்றல் சுமார் 27 கிலோ எலக்ட்ரான் வோல்ட், டெக்னீசியத்தின் கதிராற்றல் 140. இந்த வேறுபாட்டால், ஒரே கைக்கருவி மார்பகத்தில் உள்ள விதையையும் நிணநீர்க் கணுவில் சேர்ந்த டெக்னீசியத்தையும் பிரித்துக் காட்டும். ஆனால் வைத்த ஒவ்வொரு விதைக்கும் கணக்குக் காட்டித் திரும்ப எடுத்தாக வேண்டும். இந்தியாவில் கதிரியக்கப் பொருள்களைப் பயன்படுத்த அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் வேண்டும்.

கதிரியக்கம் இல்லாத புதிய அடையாளங்களில் மூன்று வகை உண்டு. 5 மி.மீ. நீளமுள்ள காந்த விதை ஒன்று. ரேடார் அலையைத் திருப்பி அனுப்பும் 12 மி.மீ. பிரதிபலிப்பான் மற்றொன்று, ஒவ்வொன்றுக்கும் தனி எண் கொண்ட ரேடியோ அலைச் சில்லு மூன்றாவது. இவற்றை முன்கூட்டியே வைத்துவிடலாம் என்பதால், அறுவை அன்று கதிரியக்கத் துறைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு குறையும் உண்டு. காந்த விதை எம்.ஆர்.ஐ. படத்தில் தன்னைச் சுற்றிப் பல செ.மீ. அளவுக்கு இருளை உண்டாக்கும். மருந்துச் சிகிச்சையின் பலனை எம்.ஆர்.ஐ.யில் பார்க்க வேண்டியவருக்கு அதை முன்னதாக வைப்பது சரியல்ல. அறுவையின்போது சாதாரண எஃகுக் கருவிகள் அதன் தேடுகருவியைக் குழப்பும். ஆழமான மாற்றங்களில் இவை எல்லாவற்றின் குறிப்பொலியும் மங்கும். கம்பியைப் போலவே இவற்றையும் வைத்த பின் இடம் மாற்ற இயலாது. என் கணிப்பில், தேர்ந்த கதிரியக்க மருத்துவரும் அறுவை மருத்துவரும் ஒரே வளாகத்தில் இருக்குமிடத்தில் கம்பியைப் பழையது என்று ஒதுக்கக் காரணமில்லை. இருவரும் வெவ்வேறு நாளில் அல்லது வெவ்வேறு கட்டடத்தில் பணியாற்றும் இடத்தில்தான் விதைகளின் பயன் முழுமையாகத் தெரிகிறது.

நான்காம் படி: நோயாளியைத் தயார்செய்தல்

இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை முன்பே சொல்லிவிட வேண்டும். தாமாக நிறுத்திவிடக் கூடாது. மரத்துப்போகும் ஊசி மருந்துக்கு ஒவ்வாமை உண்டா என்பதும், ரேடார் பிரதிபலிப்பான் வைப்பதாயின் நிக்கல் ஒவ்வாமை உண்டா என்பதும் கேட்கப்படும். அன்று காலை அக்குளிலும் மார்பிலும் பவுடர், வாசனைப் பூச்சு, களிம்பு எதுவும் கூடாது. அவற்றின் துகள்கள் படத்தில் கால்சியத்தைப் போலவே தெரியும். தாலிச் சங்கிலி உள்ளிட்ட கழுத்து நகைகளைக் கழற்ற வேண்டும். கழற்றத் தயங்குபவர்களிடம் எக்ஸ்ரேக் கதிரை உலோகம் மறைத்துவிடும் என்று காரணத்தைச் சொன்னால் பெரும்பாலோர் ஒத்துக்கொள்வார்கள். முன்பக்கம் திறக்கும் தளர்வான சட்டை வசதியானது.

பொது மயக்கத்துக்காக வெறும் வயிற்றோடு வந்திருப்பவர், அமர்ந்த நிலையில் மார்பகம் அழுத்தப்பட்டு ஊசியைப் பார்க்கும்போது தலைசுற்றி மயங்குவது அரிதல்ல. சாய்த்துப் படுக்கவைக்கக்கூடிய நாற்காலி, கூடவே நின்று பேச்சுக் கொடுக்க ஒரு செவிலியர், நோயாளியின் கண் ஊசியின்மேல் படாத அமைப்பு ஆகிய மூன்றும் இருந்தால் இதைப் பெரிதும் தவிர்க்கலாம். சர்க்கரை நோயாளிகளை முதல் ஆளாக அழைப்பது நல்லது.

ஐந்தாம் படி: மேமோகிராம் துணையோடு கம்பி வைத்தல்

மாற்றத்துக்கு மிக அருகில் உள்ள தோல் எந்தப் பக்கம் என்று முதலில் முடிவு செய்கிறார்கள். மேல்பாதியில் இருந்தால் மேலிருந்து, வெளிப்புறத்தில் இருந்தால் வெளியிலிருந்து என்று குறுகிய பாதையே தேர்ந்தெடுக்கப்படும். அறுவை மருத்துவர் எங்கே கீறத் திட்டமிட்டிருக்கிறார் என்பதையும் கேட்டுக்கொள்வது நல்லது.

நடுவில் சன்னல் போன்ற திறப்பும் அதன் ஓரங்களில் எழுத்தும் எண்ணும் கொண்ட தட்டால், தேர்ந்த பக்கத்தின் தோல் திறப்புக்குள் வருமாறு மார்பகத்தை அழுத்தி ஒரு படம் எடுப்பார்கள். மாற்றம் எந்த எழுத்துக்கும் எந்த எண்ணுக்கும் நேரே இருக்கிறது என்று பார்த்து, தோலில் அந்தப் புள்ளியைக் குறிப்பார்கள். இந்த நேரம் முழுவதும் நோயாளி அசையக் கூடாது. அசைந்துவிட்டதாகத் தோன்றினால் உடனே சொல்லிவிட வேண்டும், மறுபடி ஒரு படம் எடுப்பதில் நட்டமில்லை. தோலைச் சுத்தம் செய்து மரத்துப்போகும் மருந்து செலுத்திய பிறகு, ஊசி நேர்க்குத்தாக இறக்கப்படும். கருவியின் ஒளியில் ஊசியின் பின்தலை நிழல், அது தோலில் நுழையும் இடத்தின் மேலேயே விழுமானால் ஊசி சாயாமல் போகிறது என்று பொருள். ஊசி மார்புச் சுவருக்கு இணையாகவே போவதால், நுரையீரலைச் சுற்றிக் காற்று சேரும் ஆபத்து இந்த முறையில் மிகக் குறைவு.

ஊசியின் நுனி மாற்றத்தைத் தாண்டிச் சற்று ஆழமாகவே போயிருக்க வேண்டும். ஆழம் மிகுந்தால் பின்னால் இழுத்துக்கொள்ளலாம். குறைந்தால், அழுத்தத்தை விட்டபின் முன்னால் தள்ளும்போது ஊசி திசை மாறிவிடும். ஊசி மாற்றத்தின் நேர் மேலே உள்ளது என்று ஒரு படம் எடுத்து உறுதிசெய்த பின், ஊசியைப் பிடித்தபடியே அழுத்தத்தை மெல்லத் தளர்த்தி, செங்குத்தான திசையில் மறுபடி அழுத்திப் படம் எடுப்பார்கள். ஆழம் இப்போதுதான் தெரிகிறது. நுனி மாற்றத்தை ஏறத்தாழ 1 செ.மீ. தாண்டி நிற்குமாறு ஊசியைப் பின்னிழுத்து, கம்பியை உள்ளே செலுத்தி, கம்பியை அசையாமல் பிடித்துக்கொண்டு ஊசியை மட்டும் உருவினால் கொக்கி விரிந்து திசுவைப் பற்றிக்கொள்ளும். நுனிக்குச் சற்றுப் பின்னால் ஒரு பகுதி தடித்திருக்கும் கம்பிகளில், அந்தத் தடித்த பகுதி மாற்றத்துக்குள் அமைந்தால் அறுவை மருத்துவரின் விரலுக்கு அது தட்டுப்படும்.

கடைசியாக, மேலிருந்து கீழாக ஒன்று, நேர்ப் பக்கவாட்டில் ஒன்று என்று இரண்டு படங்கள். கம்பி மாற்றத்தின் ஊடாகவோ அதிலிருந்து 1 செ.மீ. எல்லைக்குள்ளோ இருக்க வேண்டும். தள்ளிப்போயிருந்தால் முதல் கம்பியை இழுத்துப் பார்க்காமல், இரண்டாவது கம்பி ஒன்றைச் சரியான இடத்தில் வைப்பதே பாதுகாப்பானது.

அல்ட்ராசவுண்டும் எம்.ஆர்.ஐ.யும்

அல்ட்ராசவுண்டில் வைக்கும்போது ஊசி முழுநீளமும் திரையில் தெரியுமாறு, மார்புச் சுவருக்கு இணையாகச் சாய்த்துச் செலுத்த வேண்டும். செங்குத்தாகக் குத்துவது நுரையீரலுக்கு ஆபத்து. கை, அறுவை மேசையில் இருக்கப்போவதுபோல் விரித்துவைக்கப்பட வேண்டும். முடிந்ததும் மாற்றத்தின் நேர் மேலே தோலில் மையால் ஒரு குறியிட்டு, அங்கிருந்து ஆழத்தை எழுதினால் மிகவும் உதவும். அறுவை மருத்துவரே அறுவை அரங்கில் அல்ட்ராசவுண்டைப் பயன்படுத்தத் தெரிந்தவராயின், கம்பியே இல்லாமலும் இதைச் செய்யலாம்.

எம்.ஆர்.ஐ. துணையோடு செய்யும்போது கடோலினிய மருந்து ஏற்றிய சில நிமிடங்களில் மாற்றம் சுற்றுத் திசுவோடு கலந்து மறைந்துவிடும் என்பதால், தயக்கமின்றி விரைவாகச் செய்ய வேண்டியிருக்கிறது. ஊசியும் கம்பியும் காந்தத்தால் ஈர்க்கப்படாத உலோகத்தால் ஆனவையாக இருக்க வேண்டும். பல மையங்கள் எம்.ஆர்.ஐ.யில் பயாப்ஸி எடுத்துக் கிளிப் வைத்துவிட்டு, பிறகு அந்தக் கிளிப்பை மேமோகிராமில் குறித்துக்கொள்கின்றன. இதுவே எளிது.

ஆறாம் படி: அறுவை அரங்குக்கு அனுப்புதல்

தோலுக்கு வெளியே உள்ள கம்பியைத் தளர்வாக வளைத்து, இழுபடாதபடி ஒட்டி, துணிக்கட்டால் மூடுவார்கள். நோயாளி அந்தப் பக்கக் கையை உயர்த்தவோ பாரம் தூக்கவோ கூடாது. ஒட்டு கழன்றதாகவோ கம்பி நகர்ந்ததாகவோ தோன்றினால், தாமே சரிசெய்ய முயலாமல் செவிலியரிடம் சொல்ல வேண்டும்.

கம்பி வைத்த இரு படங்களும் அறுவை அரங்கின் திரையில் இருக்க வேண்டும். கூடவே ஒரு குறிப்பு: எந்தப் பக்க மார்பகம், எத்தனை கம்பி, நுழைந்த இடம் எது, கொக்கியிலிருந்து மாற்றம் எந்தத் திசையில் எவ்வளவு தொலைவில், வெளியே எடுக்கப்பட வேண்டியவை எவை. ‘கம்பி வைக்கப்பட்டது’ என்று ஒரே வரியில் முடியும் அறிக்கை அறுவை மருத்துவருக்கு எதையும் சொல்வதில்லை. இயன்றால் இருவரும் ஒருமுறை நேரில் அல்லது தொலைபேசியில் பேசிக்கொள்வது இன்னும் மேல்.

ஏழாம் படி: அறுவையும் எடுத்த திசுவின் எக்ஸ்ரேயும்

கம்பி தோலில் நுழையும் இடத்திலேயே கீற வேண்டிய கட்டாயம் இல்லை. மாற்றம் இருக்கும் இடத்தைக் கணித்து, அதற்கு நேர் மேலே கீறி, உள்ளே கம்பியைச் சந்திக்கலாம். கம்பியைப் பிடித்து இழுத்தால் கொக்கி நகரும். கத்தரிக்கோலோ மின்கத்தியோ பட்டுக் கம்பி அறுபட்டால் ஒரு துண்டு உள்ளே தங்கிவிடக்கூடும்.

எடுத்த திசுவின் மேல்பக்கத்தையும் வெளிப்பக்கத்தையும் வெவ்வேறு நீளமுள்ள தையல் நூல்களால் குறித்து, உடனே எக்ஸ்ரே எடுக்க வேண்டும். முடிந்தால் இரண்டு கோணங்களில், உருப்பெருக்கத்தோடு. மாற்றம் உள்ளதா, கிளிப் உள்ளதா, கம்பியோ விதையோ முழுமையாக உள்ளதா, மாற்றம் எந்த விளிம்பையாவது ஒட்டியிருக்கிறதா என்ற நான்கையும் பார்த்து, நோயாளியின் காயத்தை மூடுவதற்கு முன்பே அறுவை அரங்குக்குச் சொல்ல வேண்டும். ஒரு விளிம்பு நெருக்கமாக இருந்தால் அந்தப் பக்கத்தில் மட்டும் கூடுதலாகத் திசு எடுக்கலாம். அல்ட்ராசவுண்டில் மட்டும் தெரிந்த மாற்றம் எக்ஸ்ரேயில் தெரியாது. அப்போது எடுத்த திசுவையே அல்ட்ராசவுண்டில் வைத்துப் பார்க்க வேண்டும். எம்.ஆர்.ஐ.யில் மட்டும் தெரிந்ததற்கு மருந்து ஓட்டம் நின்றுபோன திசுவில் சான்று கிடைக்காது, கிளிப்பே ஒரே சான்று.

மாற்றம் திசுவில் இல்லையென்றால் அறுவை மருத்துவர் மேலும் சற்றுத் தேடி எடுப்பார். அப்போதும் கிடைக்காவிட்டால், கண்மூடித்தனமாக மேலும் மேலும் வெட்டுவதைவிடக் காயத்தை மூடி, ஆறிய பிறகு மேமோகிராம் எடுத்து மீண்டும் திட்டமிடுவதே முறை.

எட்டாம் படி: நோய்க்கூறு ஆய்வும் அதன் பிறகும்

எக்ஸ்ரேப் படத்தில் துகள்கள் உள்ள இடத்தைக் குறித்துத் திசுவோடு அனுப்பினால், நோய்க்கூறு மருத்துவர் சரியான துண்டுகளை நுண்ணோக்கியில் பார்க்க முடியும். பால்குழாயைத் தாண்டி ஊடுருவும் புற்றுநோயில், எடுத்த திசுவின் மை தடவிய விளிம்பில் புற்றணு இல்லையென்றால் போதும் என்றும், பால்குழாய்க்குள் அடங்கியதில் 2 மி.மீ. இடைவெளி வேண்டும் என்றும் அமெரிக்க அறுவை மற்றும் கதிர்ச்சிகிச்சைப் புற்றுநோயியல் சங்கங்கள் 2014இலும் 2016இலும் வழிகாட்டுதல்கள் வெளியிட்டன. விளிம்பு போதாதென்றால் இரண்டாம் அறுவை தேவைப்படலாம். அது நேரக்கூடும் என்பதை முதல் அறுவைக்கு ஒப்புதல் வாங்கும்போதே நோயாளியிடம் சொல்லியிருக்க வேண்டும்.

கால்சியத் துகள்களுக்காக அறுவை செய்யப்பட்டவர்களில், எல்லாத் துகள்களும் வெளியே வந்தனவா என்ற ஐயம் எக்ஸ்ரேயில் எஞ்சியிருந்தால், கதிர்ச்சிகிச்சை தொடங்குவதற்கு முன் அந்த மார்பகத்துக்கு உருப்பெருக்கப் படங்களோடு ஒரு மேமோகிராம் எடுக்கப்படும். காயத்தின் வலி குறைந்த பிறகே அதற்கு நாள் குறிப்பார்கள். அறுவைக்கு முந்தைய படங்களையும் கம்பி வைத்த அன்று எடுத்தவற்றையும் அப்போது மறவாமல் கொண்டுவர வேண்டும்.